இறால் குஞ்சும் ராசியில்லாத காலும்

விடியற்காலையில் முதலாளியின் மனைவி வீடு தேடி வருகிறாள் என்றால் நல்ல செய்தியோடு வரமாட்டாள். தேற்றாத்தீவில் தன் வீட்டுப் படலைக்கு முன்னால் ஜீப் வந்து நின்றதுமே யோகமலருக்கு அது தெரிந்துவிட்டது. ஆச்சிப்பிள்ளை உட்காரவில்லை. தேத்தண்ணியும் வேண்டாமென்றாள்.

"நாளைக்குக் காலம ஹச்சரில விளக்கேத்துறம் புள்ள. நீ பத்து மணிக்குப் பிறகு வா. அவர்தான் சொல்லிவிட்டவர். மனசில வைக்காத."

சொல்லும்போது அவள் யோகமலரின் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? சண்டை முடிந்த மறு வருஷம் கடற்கரையோரம் நல்லரத்தினம் முதலாளி கட்டிய இறால் குஞ்சுப் பண்ணைதான் அந்த ஹச்சரி. குழாய் போட்ட நாளிலிருந்து தாய் இறால் முட்டையிட்டு முதல் குஞ்சு பொரித்தது வரை எல்லாம் யோகமலரின் கை. முதல் தொகுதி நல்லபடியாக விற்றால் பண்ணைக்கு அவளே பொறுப்பாளர் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கரையில் ஒரு பெண் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

பெரிய அலை வந்த மார்கழியில் அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷனைக் கடல் கொண்டுபோனது. செத்த வீட்டிலேயே பெண்சாதி கால் ராசியில்லை என்று ஊர் பேசியது. அலை நாட்டின் பாதிக் கரையை வழித்துக்கொண்டு போயிருந்தது. அத்தனைக்கும் இவள் ஒருத்தியின் காலா என்று கேட்க ஒரு வாய் இருக்கவில்லை. விலங்கியல் படித்த படிப்போடு சிலாபத்துக்குப் போய், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நெஞ்சு படபடக்க இறங்கி ஏறி, அங்கிருந்த பண்ணைகளில் வருஷக்கணக்கில் வேலை கற்றவள் அவள். நல்லரத்தினம் கூப்பிட்ட பிறகுதான் ஊர் திரும்பினாள்.

அன்று வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, பண்ணையிலிருந்து ஸஹீதா போன் எடுத்தாள். ஓட்டமாவடிப் பெண். குஞ்சுகளுக்குத் தீனியாகப் பாசி வளர்ப்பது அவள் வேலை. கும்பத்துக்கு முதலாளியின் ஆட்கள் வாவித் தண்ணீர் அள்ளி மஞ்சள் கலந்து வைத்திருப்பதாகவும், நாளைக்கு அதை ஆச்சிப்பிள்ளையின் கையால் குஞ்சுத் தொட்டிகளில் ஊற்றப் போவதாகவும் சொன்னாள்.

 மருந்து போட்டுக் கழுவாத வாவித் தண்ணீரில் என்ன நோய் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு செம்புத் தண்ணீரால் அத்தனை தொட்டிக் குஞ்சும் செத்து வெளுத்துக் கிடக்கலாம். அப்போது தண்ணீரை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், அவள் காலைத்தான் சொல்வார்கள். தடுத்தாலோ வேலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி அவளுக்குத்தான். இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முந்திப் போய்க் குஞ்சுக் கூடத்தின் கதவைப் பூட்டித் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். அவளைக் கண்டதும் நல்லரத்தினத்தின் முகம் கறுத்தது. பின்னால் பட்டுச் சேலையும் பாதம் நிறைய மஞ்சளுமாக ஆச்சிப்பிள்ளை. அவள் கையில் கும்பம்.

"நான் கட்டின கட்டிடத்துக்குள்ள போறதுக்கு உன்னட்டக் கேக்கணுமோ?"

"நீங்க போகலாம் ஐயா. அம்மாவும் போகலாம். இந்த மருந்துத் தண்ணில கால் கழுவிட்டுப் போங்க. கும்பத் தண்ணி மட்டும் உள்ள போக ஏலாது."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.  சுமங்கலியின் காலில் உள்ள மஞ்சளை மருந்தால் கழுவச் சொல்வதா என்று அவர் கொதித்தார். சிலாபத்திலிருந்து ஒரு ஆம்பிளையைக் கொண்டுவர ஒரு போன் போதும் என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னது இன்னும் மோசமாக இருந்தது.

"ஒரு தொட்டி பழுதாப் போனாலும் உன்ட கால்தான் காரணம். நினைவில வச்சுக்க."

விளக்கேற்றி வைக்க வந்திருந்த ஐயருக்கு வேறொரு வீட்டிலும் காரியம் இருந்தது. நல்ல நேரம் போகிறது, வாசலில் வைத்தாலும் கும்பம் கும்பம்தானே என்று அவசரப்படுத்தினார். கும்பம் வாசலோடு நின்றது. விளக்கும் அங்கேயே எரிந்தது. யோகமலர் சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் பயத்திலேயே கழித்தாள். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்து, அசையாத குஞ்சு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். ஒரு தொட்டியில் குஞ்சுகள் சோர்ந்து அடியில் கிடந்த அன்று, அவளும் ஸஹீதாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவே அஞ்சினார்கள். தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்து, பக்கத்திலேயே பாய் போட்டுக் காத்துக் கிடந்தார்கள். குஞ்சுகள் மறுபடி நீந்தத் தொடங்கியபோது ஸஹீதா அழுதுவிட்டாள்.

விற்கும் நாளில் வாவிக் கரையில் இறால் வளர்க்கக் குளம் வைத்திருப்பவர்கள் வந்து குவிந்தார்கள். ஒட்சிசன் அடைத்த பைகளில் குஞ்சுகள் கண்ணாடித் தூள் போலத் துள்ளின. நல்லரத்தினத்துக்கு வாயெல்லாம் பல்.

"எல்லாம் என்ட பெண்சாதி ஏத்தின விளக்குத்தான்" என்று வந்தவர்களிடம் சொன்னார். பிறகு தாராள மனசோடு யோகமலரை அழைத்து, வாக்கு வாக்குத்தான், இனிப் பண்ணைக்கு அவளே பொறுப்பு என்றார். அடுத்த தொகுதிக்கு விளக்கேற்றும் நாளில் மட்டும் லீவு எடுத்துக்கொள்ளட்டும், மறுகா வீண் கதை வரக்கூடாது பாருங்கள் என்று வந்தவர்களையும் சாட்சிக்கு இழுத்தார்.

ஓம் என்று தலையாட்டினால் போதும். நாற்காலி கிடைத்துவிடும்.  வாசலில் பார்த்த முதலாளியின் கறுத்த முகம் யோகமலரின் கண்ணுக்குள் வந்தது.

"செத்திருந்தா என்ட காலெண்டு சொல்லியிருப்பீங்க ஐயா. எல்லாம் உயிரோட கிடக்கு. இப்ப ஆர்ட கால்?"

பைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். நல்லரத்தினம் அவர்கள் பக்கம் திரும்பி, ஏற்றுங்கள் என்று கையைக் காட்டினார். "லீவு எடுக்கமாட்டன் ஐயா. அண்டைக்கும் நான்தான் திறப்பன்" என்றாள் அவள். பயம் போய்விடவில்லை. 

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற ஆச்சிப்பிள்ளை மெல்ல வாசலுக்கு வந்தாள். தன் விளக்கின் புகழைக் கேட்டுக்கொண்டிருந்தவள், அந்தக் குஞ்சுகளை ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை.

"புள்ள, நான் உள்ள வந்து பாக்கலாமா?"

"வாங்கம்மா. கால் கழுவிட்டு வாங்க."

ஆச்சிப்பிள்ளை சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மஞ்சள் பூசிய கால்களை மருந்துத் தண்ணீருக்குள் வைத்தாள்.