புதுச்சேரிக்குப் போக ஒரு கையெழுத்து

என் மகள் வினோஜாவுக்குப் பதினைந்து வயது. கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். தகப்பனின் வாய் அப்படியே வந்திருக்கிறது. போன மாசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், பையைக் கதிரையில் எறிந்துவிட்டு, "அம்மா, நான் புதுச்சேரிக்குப் போறன்!" என்று துள்ளினாள்.

மாணவர் பரிமாற்றமாம். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேர் இரண்டு கிழமை அங்கே போய்ப் படிப்பார்கள். பிறகு அங்குள்ள பிள்ளைகள் இங்கே வருவார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட ஊர்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு கட்டுரைப் போட்டி வைத்து ஆட்களைத் தெரிந்தெடுத்திருந்தார் அவளுடைய வரலாற்று ஆசிரியை றம்ஸியா.

வினோஜா பருத்தித்துறையைப் பற்றி எழுதியிருந்தாள். பறங்கியர் அந்த முனைக்குத் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் அதைத் தங்கள் வாய்க்கு வளைத்தார்கள். வரைபடத்தில் இன்றைக்கும் பொயின்ற் பீட்றோதான். 'ஆனால் ஊர்ச்சனத்தின் வாயில் அது எப்போதும் பருத்தித்துறைதான்' என்று முடித்திருந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் வயலுக்குப் போகிறவர், வருகிறவர் எல்லாரையும் மறித்துச் சொன்னேன்.

பிறகுதான் கடவுச்சீட்டுப் படிவம் வந்தது. பதினாறு வயதாகாத பிள்ளை என்றபடியால் தாய் தகப்பன் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டுமாம். தகப்பன் இல்லையென்றால் அவருடைய மரணச் சான்றிதழ்.

வினோஜாவின் தகப்பன் பிரதாபன் எங்கே என்று எனக்குத் தெரியாது. இரண்டாயிரத்து ஒன்பது மே பதினெட்டு, சண்டை முடிந்த நாள், வட்டுவாகலில் ஆமிக்காரர் அவருடைய பெயரைப் பதிந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி, "அருந்ததி, பிள்ளைக்குத் தொப்பியைப் போடு, வெயில்" என்றார். அப்போது வினோஜாவுக்கு மூன்று மாதம்.

பதினைந்து வருடமாக நான் பொட்டு வைக்கிறேன், தாலி போட்டிருக்கிறேன், திவசம் செய்ததில்லை. காணாமல்போனவர்களின் படத்தை ஏந்திக்கொண்டு, பதில் கேட்டு வீதியோரம் இருந்த பெண்கள் நாங்கள் மரணச் சான்றிதழ் எடுப்பதில்லை. எடுத்தால், தேடுவதை நாங்களே முடித்துவைத்த மாதிரி. அப்படி எடுத்த ஒருத்தியோடு நான் இரண்டு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவ்வளவு திமிர் எனக்கு. காணாமல்போனவர் என்று வேறொரு பத்திரமும் உண்டுதான். விசாரித்தேன், மாதக்கணக்காகும் என்றார்கள். பயணமோ சித்திரைக் கடைசியில்.

வினோஜா ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தை அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டாள், பேசாமல் படுத்தாள். மூன்று நாள். அந்தப் பிள்ளை வாய் மூடிக்கொண்டிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் படிவத்தை எடுத்து அவளுக்கு முன்னால் போட்டேன். "நீதானே எழுதினனீ, கடதாசியில எவன் என்னத்தை எழுதினாலும் சனம் தங்கட பேரைத்தான் சொல்லும் எண்டு? அப்பா செத்திட்டார் எண்டு அவங்கள் எழுதட்டும். எங்களுக்கு அவர் இருக்கிறார்தானே?"

"அது ஊர் அம்மா," என்றாள் மெதுவாக. "அப்பா ஆள்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "வெளிக்கிடு" என்று கத்தினேன்.

கிளிநொச்சியில் இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன் கிருசாந்தன் என்ற இளம் பெடியன். குறை சொல்லக்கூடாது, இருத்தித் தண்ணீர் தந்தான். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம் எல்லாம் கேட்டான். மனப்பாடம் செய்துகொண்டு போனவள் போல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, "இறந்த திகதி?" என்றான்.

அதை நான் யோசித்துப் பார்க்கவேயில்லை.

"மே பதினெட்டு எண்டு போடுறன் அக்கா. கனபேர் அப்பிடித்தான் போடுறவை."

"அண்டைக்கு அவர் உயிரோட இருந்தவர். நான் கண்டனான். என்னோட கதைச்சவர்."

"அப்ப பத்தொன்பது?"

"அண்டைக்கும் இருந்தவர்தான்."

அவன் பேனையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நான் எந்த நாளைச் சொல்வது? பிறகு எங்களை அடைத்துவைத்த முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாளிலும் அவர் எனக்கு இருந்தார். பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளிலும், பெரியபிள்ளையான நாளிலும் இருந்தார். அன்றைக்குக் காலையில் கண்ணாடிக்கு முன்னால் பொட்டு வைத்தபோதும் இருந்தார்.

"இண்டையத் திகதியைப் போடுங்கோ தம்பி," என்றேன். "இண்டைக்குக் காலமை வரைக்கும் இருந்தவர்."

"அக்கா... அப்பிடி எழுத ஏலாது."

அவன் பதினெட்டு என்றே எழுதினான். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். ஒரே இழுப்பில் முடிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையில் எனக்கு ஆத்திரம்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். வினோஜா பின்னால் ஏறாமல் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, நான் போகேல்லை. எனக்குப் புதுச்சேரி வேண்டாம்."

வீதி என்றும் பார்க்காமல் அவள் தோளைப் பிடித்து உலுப்பினேன்.

"போகேல்லையோ? அப்ப நான் அவரை ஏனடி சாக்காட்டினனான்?"