ஒரே கிண்ணத்தில் குடித்தவர்கள்

ஹினாதாவில் ஒருவர் காலில் முள் தைத்தால் ஊரே நொண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உப்பு வாங்க வந்த ஹினாதாக்காரர் திடீரென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டால், அங்கே யாருக்கோ பல் பிடுங்குகிறார்கள் என்று புரிந்துகொண்டு, கொஞ்சம் பொறுத்து உப்பை அளப்பார்கள்.

ஒகுனோ பிரபுவை எதிர்த்து ஊர் எழுந்த ஆண்டில் தொடங்கியது இது. உறைபனியில் நெல் கருகிய வருஷம். ஒகுனோவின் ஆட்கள் விதைநெல்லையும் சேர்த்து வரியாக அள்ளிக்கொண்டு, கோட்டை மதில் கட்ட ஆண்களையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மதிலிலிருந்து விழுந்து செத்தவர்களில் இசோவின் புருஷனும் ஒருவன். உடலைக்கூடத் தரவில்லை. இசோதான் வீடு வீடாகப் போய் முதல் கூட்டத்தைக் கூட்டினாள். அந்த மலை ஊர்களில் கலகத்துக்கு என்று ஒரு முறை உண்டு. வீட்டுக்கு ஒருவர் கோயிலில் கூடி, விரித்த குடையின் குச்சிகளைப் போலப் பெயர்களை வட்டமாக எழுதுவார்கள். யார் முதல், யார் கடைசி என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பிறகு தாளை எரித்து, சாம்பலைக் கோயில் சுனைத் தண்ணீரில் கரைத்து, 'இனி நாமெல்லாம் ஒரே உடம்பு' என்று சொல்லி எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பார்கள். மற்ற ஊர்களில் குடித்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஹினாதாவில் மட்டும் அந்தத் தண்ணீர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒருவர் மனசில் ஓடுவது அடுத்தவருக்குத் தெரியாது. உடம்பில் படுவது மட்டும் எல்லோருக்கும் பட்டது.

தனியாக நின்று ஒரு பிரபுவை வெல்ல முடியாது என்று ஊருக்குத் தெரியும். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த தாகிமுரா பிரபு ஒகுனோவுக்குப் பரம்பரைப் பகையாளி. அவரிடம் ஆள் அனுப்பினார்கள். சேர்ந்து அடிக்கலாம், ஆனால் பிணையாக ஓர் ஆளைக் கோட்டைக்கு அனுப்ப வேண்டும் என்றார் அவர். அது நாடெங்கும் உள்ள வழக்கம்தான். பிரபுக்களே பெற்ற தாயைப் பிணை வைத்ததுண்டு. யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது ஊர் தரையைப் பார்த்தது. கூட்டத்தைக் கூட்டிய பாவத்துக்கு, இசோ தன் ஒரே மகள் ஷிமோவை அனுப்ப ஒப்புக்கொண்டாள். அனுப்புகிற அன்று காலை, கோயில் கிண்ணத்தின் அடியில் தங்கியிருந்த கறுப்புக் கசண்டை மகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். வீட்டுக்கு ஒருவர் என்பது முறை. மீறினால் சாமி குற்றம். ஆனால் மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்?

சண்டை ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. ஹினாதாவில் ஒருவன் அம்பு பட்டு விழுந்தால் மற்றவர்களும் சேற்றில் விழுந்து எழுந்தார்கள். செத்தவனோடு யாரும் சாகவில்லை. அவன் இருந்த இடம் உடம்புக்குள் பல் போன ஈறாக வெறுமையாய்க் கிடந்தது, அவ்வளவுதான். கடைசியில் ஒகுனோ பின்வாங்கினார். தாகிமுராவுக்குக் கணவாய் கிடைத்தது. ஷிமோவை மட்டும் அவர் திருப்பி அனுப்பவில்லை. நட்பு நீடிக்கும் வரை பிணையும் நீடிக்கும் என்றார்கள்.

அதனால் ஊரே ஷிமோவோடு வாழ்ந்தது. எருச் சுமந்துகொண்டிருக்கும்போது நாக்கில் கடல்மீன் ருசி வரும். கடலையே பார்க்காத கிழவர்கள் கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவார்கள். குளிரில் அவள் விரல் வெடித்தால் ஊரில் எல்லோரும் கையை உதறுவார்கள். மாதம் ஒருமுறை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரப்பில் வரிசையாகச் சுருண்டு கிடப்பார்கள். அதிகம் சத்தம் போட்டவன் பக்கத்து வீட்டுத் தொகுபே. "கிண்ணத்துல திருடுனவளே, உன் மவளால என் பொழப்பு நாறுதுடி" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துவான். இசோவுக்கு அது சந்தோஷம்தான். வலிக்கிறது என்றால் மகள் இருக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கிழக்கிலிருந்து பெரிய பிரபு ஒருவர் பெரும்படையோடு கிளம்பியிருக்கிறார் என்று செய்தி வந்தது. ஒகுனோவும் தாகிமுராவும் பகையை மறந்து ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இரண்டு கோட்டை ஒன்றுபட்டதில் ஹினாதாவுக்குத் திண்டாட்டம். சமாதானத்துக்கு ஒகுனோ கேட்டது கலகத் தலைவனின் தலை. தாகிமுராவின் காரியஸ்தர் நோசே, கூட்டுச் சேர்ந்தபோது ஊர் தாகிமுராவுக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருந்த வட்டக் கையெழுத்துத் தாளைக் கொண்டுவந்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வட்டத்துக்கு ஏதுப்பா தலை? சரி, மொதக் கூட்டத்தக் கூட்டுனது யாரு?"

"நாந்தான் ஐயா" என்றாள் இசோ. "என் தலைய எடுத்துக்குங்க. எம் பொண்ண விட்டுருங்க."

நோசே அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளத் தலையக் கொண்டுபோயி வச்சா, ஒரு பொம்பளையா நம்மள ஓட வச்சான்னு ஒகுனோ பிரபு இன்னும் கோவப்படுவாரு. என்னையும் பாத்துச் சிரிப்பாங்க. ஆம்பளத் தலையா ஒண்ணு குடுங்க. இல்லன்னா மொதல்ல உம் பொண்ணு தலை, அப்புறம் ஊரு."

கோயிலில் மறுபடி கூடினார்கள். இளவட்டங்கள் இன்னொரு கலகம் என்றார்கள். வேறு ஊராக இருந்தால் பிணை போனது போனதுதான் என்று கையைக் கழுவியிருக்கும். இங்கே ஒருவராலும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எல்லோர் வாயிலும் ஷிமோ குடித்த கஞ்சியின் சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

தொகுபே எழுந்தான். "சும்மா என்னத்தப் பேசிக்கிட்டு? மாசாமாசம் அந்தப் புள்ள வயித்து வலியப் பட்டிருக்கேன். நான் பெத்ததுங்க வலிகூட எனக்குத் தெரியாது. நான் போறேன்."

"தொகுபேண்ணே, அவ எம் பொண்ணு. நீங்க எதுக்கு?"

"கிண்ணத்துல திருடுனவ பேசக் கூடாது. உக்காரு."

மனைவி மிட்சு அழுதபோது, "எனக்கென்னடி பயம்? கோழி திருடப் போறவன் மாதிரிப் போயிட்டே இருப்பேன்" என்று சிரித்தான். கணவாயில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். ஷிமோ அவன் முன்னால் பனியில் நெற்றி படக் குனிந்தாள். "வயிறு வலிச்சா பச்சத் தண்ணி குடிக்காதம்மா. சுடுதண்ணி குடி" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மறுநாள் ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை. அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பாதம் குளிர்ந்தது. வைக்கோல் செருப்பு நனைந்திருக்க வேண்டும். மத்தியானம் நாக்கு வறண்டது. பிறகு முழங்கால் கழன்றது; வயிறு கலங்கி, தொடையில் சூடாக ஈரம் இறங்கியது; விலா உடைகிற மாதிரி நெஞ்சு அடித்தது. ஓடு, ஓடு என்று கால்கள் துடித்தன, ஆனால் யாரோ தோளைப் பிடித்து அழுத்தியிருந்தார்கள். இசோ மகளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கழுத்து. எல்லோரும் விழுந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மிட்சு அந்தத் தண்ணீரைக் குடித்தவள் அல்ல. அவர்கள் வீட்டில் புருஷன்தான் குடித்தான். இசோ வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இசோ, மறைக்காமச் சொல்லு. அவரு பயந்தாரா?"

இசோவின் பற்கள் இன்னும் கிட்டிக்கொண்டிருந்தன. ஷிமோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல அண்ணி. கால் மட்டும் கொஞ்சம் சில்லுனு இருந்துச்சு."

"செருப்ப மாத்திட்டுப் போங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் மிட்சு. அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அதற்கடுத்த வீட்டிலும் கேட்டாள். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

தொகுபேயின் நடுக்கம் மட்டும் அவனோடு போகவில்லை. குடித்தவர்களுக்கெல்லாம் அது இன்றும் திடீர் திடீரென்று முழங்காலில் வருகிறது. அந்த நேரம் பார்த்து மிட்சு தெருவில் வந்தால், நடுக் கோடையானாலும், குளிர் என்று சொல்லிக் காலைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.