கட்டைக்கு இந்தப் பக்கம்

போன அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், வனப் பூங்காவின் வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டு என் அண்ணன் ராய்ஸிடம் கையை நீட்டினேன்.

"போல்ட்டைக் குடு. கட்டை வர்ற வரைக்கும் என் பையிலயே இருக்கட்டும்."

அவன் துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவி, கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தான். ஒரு சாண் இரும்பு, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்.

எங்கள் ஊர்க்காரர்கள் வேட்டையாடலாம் என்று அரசாங்கம் விட்டிருக்கும் பொதுக்காடு, பூங்காவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலையைச் சுற்றிக்கொண்டு போனால் பாதி நாள் போய்விடும். பூங்காவின் குறுக்கே நடந்தால் ஒரு மணி நேரம். மொன்டானாவில் அக்டோபரில் பகல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தவன் எவனும் சுற்றிக்கொண்டு போக மாட்டான். குறுக்கே போகச் சட்டத்திலும் தடையில்லை. பூங்காவுக்குள் வேட்டை கிடையாது, தோட்டா போடக்கூடாது, போல்ட்டைக் கழற்றி வைத்திருக்க வேண்டும், பாதையை விட்டு இறங்கக்கூடாது, மரப்பெட்டியில் இருக்கும் தாளில் பேர் எழுதிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். பூங்கா முடிகிற இடத்தில் மேசை உயரத்துக்கு ஒரு பழைய மரக்கட்டை நிற்கும். அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து எல்லாரும் போல்ட்டைப் போட்டுக்கொள்வோம். எங்கள் அப்பா போட்டார், அவருடைய அப்பா போட்டார். எண்ணெய் ஊறி ஊறி அதன் தலை கறுத்து வழவழவென்றிருக்கும். போல்ட் கட்டை என்றால் எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ராய்ஸ் அந்தக் கட்டைக்கு இந்தப் பக்கமே ஒரு எல்க் மானைச் சுட்டான். அவன் முன்னால் போய்விட்டான், நான் கால் மைல் பின்னால் வந்தேன். வெடிச்சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், இரட்டைத் தேவதாருவுக்குக் கீழே முழங்கை வரை ரத்தத்தோடு மானின் வயிற்றைக் கீறிக்கொண்டிருக்கிறான். கட்டைக்கு இன்னும் இருநூறு காலடிக்கு மேல் இருந்தது. கொம்பு அத்தனை பெரிது, மனசு கேட்கவில்லை, யாரிடமும் சொல்லாதே என்றான். நான் நேராகக் கீழே போய்ப் பூங்காவின் காவல் அதிகாரியான ரேஞ்சரிடம் சொன்னேன்.

எனக்கு அப்படித்தான் வழக்கம். பார்த்ததைத்தான் சொல்வேன், பார்த்ததைச் சொல்லாமலும் விட மாட்டேன். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அண்ணனாக இருந்தால் என்ன? ரேஞ்சர் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது ராய்ஸும் மறுக்கவில்லை. ஆமாம், கட்டைக்கு முன்னாடிதான் சுட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். அதற்குள் பனி கொட்டி இடமே மூடிப்போயிருந்தது. கூடப்பிறந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்ன பிறகு எவன் போய் அளக்கப்போகிறான்? ஏழு வருடம் வேட்டைச்சீட்டு கிடையாது என்றார்கள். வெளியூர் வேட்டைக்காரர்களைக் குதிரையில் அழைத்துப்போவதுதான் அவன் தொழில். அந்த உரிமத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். குதிரைகளை விற்றுவிட்டு, மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில் டயர் கடை வேலைக்குப் போனான். என்னை எல்லாரும் மெச்சினார்கள். பெற்ற பிள்ளையையே பிடித்துக் கொடுப்பாள் ஆர்டிஸ் என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்புறம் அவனும் நானும் சாவு வீட்டில் மட்டும்தான் பார்த்துக்கொண்டோம். ஏழு வருடம் முடிந்தும் அவன் மலைப்பக்கம் வரவில்லை. போன செப்டம்பரில் திடீரென்று போன் செய்தான். அறுபத்தொன்று ஆகிறது, முழங்கால் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கினால் அதிகம், இந்தத் தடவை உன்கூட வரட்டுமா என்று கேட்டான். போனை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். எப்படியாவது இந்த ஒரு நாள் நல்லபடியாக முடிந்து, அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டவள்தான் வண்டி நிறுத்தத்தில் கையை நீட்டி போல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். என் வாய் அப்படி, நான் என்ன செய்ய.

ஒரு மணி நேரம் நடந்தோம். அவன் முழங்காலைத் திட்டினான், நான் என் முழங்காலைத் திட்டினேன். ஓடையைத் தாண்டும்போது கை கொடுத்தான். பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. அப்போதுதான் பாதையோரம் புதிதாக ஒரு கம்பம் நட்டிருப்பதைப் பார்த்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் ரேஞ்சர். முப்பது வயதுகூட இருக்காது, சட்டையில் டெஸ்ஸா என்று பேர் குத்தியிருந்தது. துப்பாக்கிகளைக் காட்டச் சொன்னாள். காட்டினோம்.

"சரியா இருக்கு. இனிமே போல்ட்டைப் போட்டுக்கலாம்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குப் புதுசு போல என்று நினைத்துக்கொண்டேன். "கட்டைக்கு இன்னும் முந்நூறு காலடி இருக்கும்மா," என்றேன்.

"எந்தக் கட்டை?"

விளக்கிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பத்தின் அடியிலிருந்த பாறையைக் காலால் தொட்டுக் காட்டினாள். பாறையில் எல்லைக்குறியாக ஒரு வெண்கல வில்லை பதித்திருந்தது. அதில் 1931 என்று வருடம். கோடையில் அளவெடுக்க வந்தவர்கள் மண்ணைக் கிளறியபோது கிடைத்ததாம். பூங்கா இங்கேயே முடிந்துவிடுகிறதாம்.

"அப்ப எல்லையை மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எல்லை எங்கயும் நகரல. நீங்கதான் தள்ளி நின்னுக்கிட்டு இருந்திருக்கீங்க," என்று சிரித்தாள். "பழைய ஆளுங்க எதுக்கு வம்புன்னு கொஞ்சம் தள்ளிப் போய்ப் போட்டிருப்பாங்க. அதுவே பழகிப்போச்சு போல."

அவளுக்கு என்ன தெரியும், பாவம். நல்ல சேதி சொல்வதாக நினைத்துச் சொன்னாள். பின்னால் வந்துகொண்டிருந்த வேறு ஆட்களைப் பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ராய்ஸைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவன் கம்பத்தில் முதுகை வைத்து நின்றான். பிறகு நடக்க ஆரம்பித்தான். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தான். பத்து, இருபது, நாற்பது. இரட்டைத் தேவதாரு இன்னும் அங்கேதான் இருந்தது. எண்பத்திரண்டில் நின்றான்.

எண்பத்திரண்டு காலடி வெளியே. பொதுக்காட்டில், பட்டப்பகலில், கையில் சீட்டு வைத்துக்கொண்டு சுட்டிருக்கிறான். நான் எதைப் பார்த்தேன்? பார்த்ததைத்தான் சொன்னேன் என்று பத்தொன்பது வருடமாக மார்தட்டிக்கொண்டு திரிந்தேனே, அன்றைக்கு என்னத்தைப் பார்த்தேன்? ஒரு மரக்கட்டையைப் பார்த்தேன்.

எழுந்து அவனிடம் போனேன். அவன் மரத்தடியைப் பார்த்துக்கொண்டே, "பிஸ்கட்டை வித்துட்டேன் ஆர்டிஸ்," என்றான். பிஸ்கட் அவனுடைய பெட்டைக் குதிரை. குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது.

"அண்ணே, எனக்குத் தெரியாது," என்றேன்.

"எனக்கும்தான் தெரியாது. நானே ஒத்துக்கிட்டேனே. நீ பொய் சொல்லல."

கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். ரேஞ்சர் அலுவலகத்துக்கு எழுதுகிறேன், உன் பேரிலிருந்து அந்தக் குற்றத்தை அழிக்க வைக்கிறேன் என்றேன். மதுக்கடையில் எல்லார் முன்னாலும் நின்று சொல்கிறேன் என்றேன். ஊர் முழுக்க நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"அன்னிக்கும் ஊர் முழுக்க நீதான் சொன்ன," என்றான்.



அப்போது மரங்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. ராய்ஸ் என் கையைத் தொட்டான். அறுபது காலடியில், கட்டை இருக்கும் பக்கமாக, ஒரு ஆண் எல்க் வந்து நின்றது. மூச்சு புகையாக வந்தது. அப்படியொரு கொம்பை நான் இத்தனை வருடத்தில் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். காற்று எங்கள் பக்கம் வீசியது. அதற்கு எங்கள் வாடை படவில்லை. தலையைத் திருப்பி விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது.

நான் பையில் கைவிட்டு அவன் போல்ட்டை எடுத்தேன். அவன் முன்னால் நீட்டினேன்.

"போட்டுக்கண்ணே. இது பொதுக்காடு. சுடு," என்று கிசுகிசுத்தேன்.

அவன் மானைப் பார்த்தான். போல்ட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். துப்பாக்கி தோளிலேயே தொங்கியது.

"கட்டை வர்ற வரைக்கும் உன் பையிலயே இருக்கட்டும்," என்றான்.

கெஞ்சினேன். சத்தம் வராமல் உதட்டாலேயே கெஞ்சினேன். அவன் இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான். அந்த மான் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. என் துப்பாக்கியை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நீட்டிய கையோடு அப்படியே நின்றேன். மான் ஒரு வாய் புல்லைக் கடித்தது, மெதுவாகச் சரிவில் இறங்கியது, போய்விட்டது.

ராய்ஸ் பாதையில் ஏறி நடந்தான். நான் போல்ட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். இருநூற்றுச் சொச்சம் காலடி. என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை. கட்டை வந்தது. அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, அப்பா சாய்ப்பது போலவே அதன் மேல் சாய்த்து வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினான்.

"இப்பப் போட்டுக்கலாமில்ல?" என்று கேட்டான்.

கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் நிஜமாகவே என் அனுமதிக்காகக் காத்திருந்தான்.