மண் குடிக்கிற சத்தம்

காலை ஐந்தரை மணிக்கு வந்த போனை எடுத்ததும் நான் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. வேளாங்கண்ணி லாட்ஜில் பக்கத்து அறைக் குழந்தை விடிய விடிய அழுதிருந்தது. சத்தம் பிடிப்பதுதான் என் தொழில். அதற்காகத் தூங்கும்போதும் சத்தம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ரஞ்சனி, தண்ணி வந்துடுச்சும்மா! எங்க வூட்டுக்காரரு மடையத் தொறந்துட்டாரு. ஓடியா!"

பேசியது அம்சம் அக்கா. அவ்வளவுதான், பல்கூடத் துலக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அம்சம் அக்காவின் ஊர் கீழ்வேளூரிலிருந்து உள்ளே போக வேண்டும். கடைமடை. காவிரி வழியிலுள்ள எல்லா ஊரையும் பார்த்து முடித்து, மிச்சம் இருந்தால் எட்டிப் பார்க்கும் ஊர். நான்கு மாதம் முன்பு எங்கள் ஆவணப்படத்துக்காக அவரைப் பேட்டி எடுத்தோம். அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"வெடிச்சுக் கெடக்குற வயல்ல மொதத் தண்ணி ஏறுதுல்ல, அப்ப மண்ணு குடிக்கிற சத்தம் கேக்கும். உள்ளுக்குள்ள. வரப்புல காத வச்சுப் படுத்தா நல்லாவே கேக்கும்."

பின்னால் நின்ற அவர் கணவர் முருகையன், கேமரா ஓடுகிறது என்றுகூடப் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டார். "இருபத்தாறு வருசமா இதே பாட்டு. ஒரு சத்தமும் கெடையாதுங்க. எங்காதுக்குக் கேக்காதது இவ காதுக்கு மட்டும் கேக்குமாம்."

தெருவே சிரித்தது. அந்தத் தெருவில் அக்காவுக்குப் பட்டப்பெயரே 'மண்ணுக்காது' என்று பிறகு தெரிந்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கிட்டதான் மெஷினு இருக்கே. ஒரே ஒரு தடவை இந்தத் தெருவுக்கு அதக் கேக்க வச்சுடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

படத்தின் இயக்குநர் ராகவேந்திராவிடம் இதைச் சொன்னேன். "கெடைச்சா எடு. கெடைக்கலைன்னா விடு, ஒரு சோடா பாட்டிலைத் திறந்து அந்தச் சத்தத்தைப் போட்டுக்கலாம்" என்றான். சோடா பாட்டில்! அன்றைக்கே முடிவு செய்தேன், தண்ணீர் வரும் நாளில் அந்த வரப்பில் நான் இருப்பேன் என்று. முன்கூட்டியே வந்து வேளாங்கண்ணியில் அறை எடுத்தேன். மதகு பார்க்கும் லஸ்கர் வெள்ளிக்கிழமைதான் தண்ணீர் வரும் என்று சத்தியம் செய்தார். வந்தது புதன்கிழமை.

நான் போய்ச் சேர்ந்தபோது வயல் முழுக்கத் தண்ணீர் தளதளவென்று நின்றது. வெடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுவில் முருகையன் அண்ணன் மண்வெட்டியோடு, ஏதோ கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, நான் வர்ற வரைக்கும் மடையைத் திறக்க வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னீங்கதான்." தலையைச் சொறிந்தார். "ஆனா வந்த தண்ணிய வாசல்ல நிக்க வச்சுட்டு, சென்னைலேந்து ஒரு அம்மா வரணும், செத்த பொறுங்கன்னு சொல்லச் சொல்றீங்களா? அடுத்த நிமிசம் வருமா வராதான்னு தெரியாத தண்ணிங்க இது. கை தானா வெட்டிடுச்சு."

கடைமடைக்காரரிடம் இதற்கு மேல் என்ன சண்டை போடுவது? வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அம்சம் அக்கா தூரத்து மூலையிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

அந்த மூலையில் இரண்டு கட்டில் அகலத்துக்கு மண்ணை அணைத்து, முழங்கால் உயரத்துக்குக் குட்டி வரப்பு போட்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர். உள்ளே மட்டும் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்த தரை.

"நேத்து சாயங்காலமே அணைச்சுட்டேன்" என்றார். "இவரப் பத்தி எனக்குத் தெரியாதா? தண்ணியக் கண்டா இடுப்புல வேட்டி இருக்கான்னே மறந்து போயிடும்."

அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சேறு என் சட்டையெல்லாம் ஆனது, ஆகட்டும்.

சின்ன மைக்கை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி, பெரிய வெடிப்பின் வாயருகே தொங்கவிட்டேன். அதிலிருந்து ஒரு வயர் என் பிரீஆம்ப் பெட்டிக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, நான்கு பென்சில் செல்லில் ஓடும். மைக்கில் விழும் எறும்புப் பேச்சை மனிதப் பேச்சு அளவுக்குப் பெரிதாக்கி ரெக்கார்டருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. பெரிதாக்கும் அளவைக் கெயின் என்போம். அதற்கான திருகை முக்கால்வாசி திருப்பினேன். ஹெட்போனை மாட்டினேன். அடுத்த நொடி கழற்றி எறியலாம் போல இருந்தது.

விஷயம் தெரிந்து தெருவே வரப்பில் வந்து நின்றிருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் அமைதியாக இருப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு நின்றார்கள். அந்த நாற்பது பேரின் அமைதி இருக்கிறதே, அதைவிடச் சந்தைக்கடை தேவலை. வளையல் சத்தம், வெற்றிலை மெல்லும் சத்தம், ஒருவர் வயிறு பசியில் உறுமும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒருவரையொருவர் "உஸ்ஸ்... பேசாத!" என்று அதட்டும் சத்தம். இருபதடி தள்ளி ஒரு அம்மா பக்கத்து அம்மாவின் காதில், "இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கிசுகிசுத்தார்.

"ஆயிடுச்சு, ரெண்டு புள்ளைங்க" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

அந்த அம்மா பயந்துபோய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். இது நடந்தபோது முருகையன் அண்ணன் அங்கே இல்லை. அந்தக் கோடியில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடுகிறது என்று அடைக்கப் போயிருந்தார்.

"தயவுசெஞ்சு எல்லாரும் கிளம்புங்க" என்று கும்பிட்டேன்.

ஒருத்தரும் அசையவில்லை. அம்சம் அக்காவுக்கோ முகம் வாடிவிட்டது. "அவங்க போயிட்டா யாரு கேக்குறது? அவங்க கேக்கணும்னுதானே இவ்வளவும்."

நியாயம்தான். அப்போது டீக்கடை அப்துல் ரஹ்மான் பாய் ஒரு யோசனை சொன்னார். அவர் கடையில் பாட்டுப் போடும் பெட்டி ஒன்று இருக்கிறது. கடை அரைக் கிலோமீட்டர் தள்ளி, அங்கே என்ன சத்தம் போட்டாலும் வயலுக்குக் கேட்காது. என் ரெக்கார்டரிலிருந்து ஒரு வயரை என் போனில் செருகி, அவர் போனைக் கூப்பிட்டால், அவர் அதைப் பெட்டியில் இணைத்துவிடுவார். எல்லோரும் டீ குடித்தபடி நேரடியாகக் கேட்கலாம். டீ என்றதும் வரப்பு காலியானது.

பத்து நிமிடத்தில் பாய் போனில் வந்தார். "எல்லாரும் உக்காந்தாச்சும்மா. ஆரம்பிங்க."

நண்டு வளையை அடைத்துவிட்டு அப்போதுதான் முருகையன் அண்ணன் திரும்பி வந்து, மனைவிக்குப் பக்கத்தில் குந்தினார். "கூட்டம் எங்க?" என்றார். "டீ குடிக்கப் போயிருக்காங்க" என்றேன். பொய் இல்லையே.

அம்சம் அக்கா மண்வெட்டியால் குட்டி வரப்பில் ஒரே ஒரு வெட்டு வெட்டினார். தண்ணீர் விரல் கனத்துக்கு உள்ளே நுழைந்து, தரையை நக்கிக்கொண்டே போய், வெடிப்பில் இறங்கியது.

முதலில் வெறும் காற்று. கெயினை இன்னும் கொஞ்சம் திருகினேன். பிறகு கேட்டது. பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அந்தச் சத்தம். ஒன்று, இரண்டு, பிறகு நூறு, பிறகு எண்ண முடியவில்லை. அடியாழத்தில் எங்கெங்கோ ஒடிந்துகொண்டே போனது. நடுவே நீளமாக ஒரு பெருமூச்சு, தாகம் தீர்ந்தவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு விடுவது போல. பதினாறு வருடமாகச் சத்தம் பிடிக்கிறேன், என் முதுகு சிலிர்த்துக்கொண்டது. இரண்டு நிமிடம் மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, எடுத்தாச்சு" என்றேன். "அப்படியே இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே."

அக்கா முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். நான் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பெட்டியின் உறையைத் தேடிக் குனிந்தேன். மைக்கையும் நிறுத்தவில்லை, போனையும் துண்டிக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று முருகையன் அண்ணன் நினைத்துவிட்டார் போல. கழுத்தில் கிடந்த ஹெட்போனிலிருந்து அவருடைய கிசுகிசுப்பு வந்தது.

"ஏ அம்சம். எனக்கும் கேக்கும்டி."

"என்னது?"

"அந்தச் சத்தம். நம்ம கல்யாணம் ஆன வருசத்துலேந்தே கேக்கும்."

"அப்பறம் ஏன்யா இத்தினி வருசமா இல்லவே இல்லைன்னு சாதிச்ச?"

"ஆமா, கேக்குதுன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா, நீ பாட்டுக்கு வேலையப் பாக்கப் போயிருப்ப. வருசா வருசம் எங்கையப் புடிச்சு இழுத்தாந்து, வரப்புல ஒன் பக்கத்துல படுக்க வச்சு, கேளுய்யா கேளுய்யான்னு சொல்லுவியா?"

என் விரல் போனின் சிவப்புப் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. ஐந்தரை மணிக்கு எழுப்பப்பட்ட கோபமோ, மேலே கேட்கும் ஆசையோ, எதுவானாலும் தப்பு என்னுடையதுதான். அம்சம் அக்கா சட்டென்று நிமிர்ந்து என் போனைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பாய்ந்து சேற்றுக் கையால் கணவரின் வாயைப் பொத்தினார். அதற்குள் எல்லாம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சிரிப்பு முதலில் போனில் வந்தது. பிறகு அரைக் கிலோமீட்டர் தாண்டிக் காற்றிலும் வந்தது. கொஞ்ச நேரத்தில் வரப்பில் வரிசையாக ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"என்ன முருகையா, வருசா வருசம் வரப்புலயா?"

"பக்கத்துல படுக்க வச்சாத்தான் காது கேக்குமா ஒனக்கு?"

முருகையன் அண்ணனைப் பார்க்கவே எனக்குப் பாவமாகிவிட்டது. ஆறடி மனிதர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். வாயைச் சுற்றி மனைவியின் ஐந்து விரல் சேறு. "அது நான் பேசல" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "மெஷினு. மெஷினு தானா என்னமோ சத்தம் போட்டுருக்கு."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அப்துல் ரஹ்மான் பாய் மட்டும் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "அத விடுங்க. அக்கா, நீ சொன்னது சத்தியம். மண்ணு குடிக்கிறத நாங்க எல்லாரும் கேட்டோம். எனக்கு மயிர்க்கூச்செடுத்துப் போச்சு. இத்தன நாளா ஒன்னைக் கிண்டல் பண்ணதுக்கு மன்னிச்சுக்க."

கூட்டம் அடங்கியது. ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். இருபத்தாறு வருடமாக அம்சம் அக்கா காத்திருந்தது இந்தத் தலையாட்டலுக்குத்தான்.

அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"மண்ணுமில்ல, மனுசனுமில்ல பாய்" என்றார். "எல்லாம் அந்த மெஷினு பண்ற கூத்து. அவருதான் சொல்றாருல்ல."

நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. "மெஷினுக்காரம்மா, நீங்க சொல்லுங்க. அப்படிப் பண்ணுமா ஒங்க மெஷினு?"

தானாகச் சத்தம் போடுமாம். என் பெட்டி! ஒன்பது வருடத்தில் ஒரு சொட்டு இரைச்சலைக்கூடச் சேர்க்காத பெட்டி. வேறு யார் இப்படிக் கேட்டிருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்சம் அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, மண்வெட்டியின் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணுங்க" என்றேன். "பழைய மெஷின். ஈரம் பட்டா தானா ஏதாவது உளறும்."

கூட்டம் சப்பென்று கலைந்தது. "அதானே பாத்தேன்" என்று யாரோ சொன்னார்கள். "மண்ணுக்காது" என்று யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். அக்கா மண்வெட்டியைக் கணவரின் கையில் கொடுத்து, "மூஞ்சியக் கழுவுய்யா" என்றார்.