மொடெஸ்டோவுக்குத் திரும்பி வந்த ஓட்டுகள்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிந்த மறுநாள் காலை, கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் தேவைக்கு மேல் விழுந்த ஓட்டுகள், போட்டவர்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. தக்காளி ஆலையில் வேலை செய்யும் வெர்னாவின் ஓட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. கைப்பிடி அளவு, கண் கிடையாது, மேலெல்லாம் வழவழப்பு, அழுகின மீனின் நாற்றம். தபால்காரர் அதைத் தாண்டி வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஓட்டையும் தாண்டிப் போனார்.

வெர்னா ஓட்டுப் போட்ட வேட்பாளர் பிரைஸுக்கு நாடு முழுக்க எதிராளியைவிட முப்பது லட்சம் ஓட்டு கூடுதல். ஆனாலும் தோற்றார். இங்கே மாநிலம் மாநிலமாகத்தான் கணக்கு. ஒரு ஓட்டில் முந்தினாலும் மாநிலம் முழுசும் கிடைக்கும், நாற்பது லட்சத்தில் முந்தினாலும் அதே மாநிலம்தான். கலிபோர்னியாவில் குவிந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். விஸ்கான்சின் மாநிலத்தில் கொஞ்சம் குறைந்தது, கதை முடிந்தது. இந்தக் கண்றாவிக்கு இருநூறு வருஷப் பெருமை வேறு. தூ!

வெர்னாவின் கணவன் எல்டனுக்கு வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்யும் இலவச ஆஸ்பத்திரியை மூடவிட மாட்டேன் என்றவர் பிரைஸ். மூடுவேன் என்று சொல்லித்தான் மற்றவர் ஜெயித்தார். அவள் விஸ்கான்சினில் இருக்கும் தம்பி டுவேனைக் கூப்பிட்டாள்.

“டேய், நீ ஓட்டுப் போட்டியா?”

“மான் வேட்டைக்குப் போயிட்டேன்க்கா. ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது?”

“எங்கிட்ட ஒண்ணு மிச்சமா நாறிக்கிட்டுக் கெடக்குடா. எடுத்துட்டு வரேன், இரு.”

ஓட்டைக் காரின் முன்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டு, பனியில் நான்கு நாள் ஓட்டிப் போனாள். தேர்தல் அலுவலர் மூக்கைப் பொத்திக்கொண்டாலும் மரியாதையாகவே பேசினார்.

“இது கலிபோர்னியா ஓட்டும்மா. இங்க செல்லாது.”

“அங்கயும் செல்லலையே?”

“அங்க செல்லும்மா. தேவைப்படலை, அவ்வளவுதான்.”

வசந்தத்தில் ஆஸ்பத்திரியை மூடினார்கள். எல்டன் கோடையைப் பார்க்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு ஓட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததில் மலர் வளையத்தின் வாசனை எடுபடவே இல்லை. அன்று தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர், முறை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று சிரித்தார். வெர்னா அதை அணைத்தாள். ஊரில் யாருக்கும் மீன் பிடிக்காமல் போய், மீன் பாதி விலைக்கு வந்தது. கடைக்காரர்கள் ஓட்டு வைக்க மூடி போட்ட கூடைகளை விற்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த தேர்தலிலும் வெர்னா வரிசையில் நின்று ஓட்டுப் போட்டாள். வரும் வழியில், இன்னொன்றும் வந்து சேருமே என்று, பெரிய கூடையாகப் பார்த்து ஒன்று வாங்கிக்கொண்டாள்.