ஏழாம் தொட்டி நீங்கலாக

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு தொட்டிகளின் வாராந்திர அறிக்கைகளும் அவள் பொறுப்பில் இருந்தன.

அன்று காலை மேலாளர் ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தார்.

"ஆய்வாளர் மேடம் பதினொரு மணிக்கு வர்றாங்க. இந்த வருஷத்து அறிக்கை எல்லாத்தையும் இதுல காப்பி பண்ணிடும்மா. ஏழாம் தொட்டியோடது மட்டும் வேண்டாம்."

"அதை மட்டும் எப்படி சார் விடறது?"

"போன மாசம் நீதானே காட்டினே. ஆச்சரியக்குறி போட்டு, அடைப்புக்குறிக்குள்ள பேரோட ஆரம்பத்தை எழுதினா, அது தவிர மத்ததெல்லாம் வந்துடும்னு."

காட்டியது உண்மைதான். வேண்டாத குப்பைக் கோப்புகளை ஒதுக்குவதற்காக. அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழாம் தொட்டி நீரில் மூன்று மாதமாகக் கிருமி. அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவளே அவள்தான்.

"அந்தத் தண்ணியை இன்னிக்கும் ஜனங்க குடிக்கிறாங்களே சார்."

"ரிப்பேர் நடக்குது. உனக்கெதுக்கு வீண் வம்பு?"

"அப்போ எழுத்துல கொடுங்க."

"இதுக்கெல்லாமா எழுத்து?"

"என்னால முடியாது சார்."

அவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டினார். பிழை என்றது திரை. இன்னொரு முறை தட்டினார், மறுபடியும் பிழை. அந்த வசதியை முதலில் இயக்கி வைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது.

"என்னம்மா இது, ஏத்துக்க மாட்டேங்குது?"

"ஏன்னு தெரியும். சொல்ல மாட்டேன் சார்."

வாசலில் கார் வந்து நின்றது. அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு வரவேற்க ஓடினார். அவள் உட்கார்ந்து, அவர் எழுதியதை அழித்து, எல்லாக் கோப்பையும் குறிக்கும் நட்சத்திரக்குறி ஒன்றை மட்டும் போட்டாள். எல்லாமே நகலாயின. இருவரும் உள்ளே வந்தபோது பென்டிரைவை ஆய்வாளரிடமே நீட்டினாள்.

"மொத்தம் முந்நூத்திப் பன்னிரண்டு ஃபைல் மேடம். ஏழாம் தொட்டியை முதல்ல பாருங்க."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலத்துக்குள் ஏழாம் தொட்டியை அடைத்து, அந்தத் தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். அடுத்த வாரம் அவளைக் கிடங்குக்கு மாற்றி உத்தரவு வந்தது. காரணம், கீழ்ப்படியாமை. ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம்.

வீட்டில் கணவன் அதை இரண்டு முறை படித்தான்.

"மன்னிப்புக் கேட்டு எழுதிட்டா விட்டுடுவாங்களோ என்னவோ."

"விடுவாங்க. நான்தான் கேக்கறதா இல்ல."

அவன் பேனாவை எடுத்துக் கொடுத்தான். அவள் எழுதினாள்: 'குற்றச்சாட்டு உண்மை. இனியும் அப்படித்தான் செய்வேன்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.