எபி கற்றுக்கொண்டது

"நீ எனக்க பிள்ளைகிட்ட என்ன பாஷையில பேசுத?" என்று ஸ்டெனி அத்தான் ஒருமுறை என்னைக் கேட்டார். அவர் மகன் எபி என் இடுப்பில் இருந்தான். ரப்பர் மரத்தில் ஏறிய ஓணானைக் காட்டி, "சித்தி, ஓந்தான் ஓடுது" என்று அப்போதுதான் சொல்லியிருந்தான். அத்தான் அவன் கன்னத்தில் அடித்தார். மூன்று வயதுக் கன்னம். விரல்கள் அப்படியே பதிந்தன.

அன்றிலிருந்து அருமனையில் என் அக்கா வீடு இங்கிலீஷ் வீடானது. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்திருந்தேன்.

அத்தான் துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே மதுரைக்காரர்கள் அவரை மலையாளத்தான் என்று சிரித்தார்களாம். மலையாளிகள் பாண்டி என்றார்களாம். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் சிரிப்பு. தன் மகனைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது, இந்த ஊர்ப் பேச்சே அவனுக்குத் தெரியக் கூடாது என்றார். ஆனால் அவருக்குத் தெரிந்ததே கிடங்கு இங்கிலீஷ்தான். கம், கோ, குயிக், வாட். அஜிஷா அக்காவுக்கு அதுவும் வராது. அத்தான் வீட்டில் இருந்தால் யாரும் பேசமாட்டோம். பிள்ளையின் காதில் விழுந்ததெல்லாம் மிக்சி சத்தமும் அவர் அதட்டலும்தான்.

அக்கா வாய் தவறித் தமிழில் ஏதாவது சொன்னால் அவள் கன்னத்திலும் விழும். ஒருமுறை உதடு கிழிந்து, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் இருந்தாள். எபி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பான்.

முற்றத்தில் ஒரு நாய் இருந்தது. அத்தான் சிட் என்றால் உட்காரும். உட்கார்ந்ததும் பிஸ்கட் போடுவார். அக்காவை ஏசும்போது மட்டும், அதுவும் பிள்ளை தூங்கிய பிறகு, அவருக்குத் தமிழ் தேவைப்பட்டது.

"நாய்க்கு ஒரு வாரத்துல வந்துட்டு. ஒனக்க மோனுக்கு நாய்க்குள்ள புத்திகூட இல்லியாட்டி?"

பிள்ளைக்கு அவர் ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு பெல்ட். கேள்வி 'வாட்' என்று தொடங்கும், முடிவதற்குள் அடி விழும். கொஞ்ச நாளில் அடியே வேண்டியிருக்கவில்லை. 'வாட்' என்ற சத்தம் கேட்டதும் எபி இரண்டு கையாலும் கன்னங்களைப் பொத்திக் கண்ணை மூடிக்கொள்வான். பிள்ளை வேகமாகத்தான் படித்தான்.

அவர் வெளியே போனால் எபியை ரப்பர் தோட்டத்துக்குள் தூக்கிப்போவேன். சிரட்டை, பால், எறும்பு என்று அங்கே கொட்டித் தீர்ப்பான். பிறகு அந்தச் சொற்களும் குறைந்தன. ஒரு நாள் எதையோ விரலால் மட்டும் காட்டினான். "என்னது மக்கா?" என்று கேட்டேன். என் கேள்விக்கும் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். இவன் இனிமேல் பேசவே மாட்டானோ என்ற பயம் எனக்கு அன்றுதான் பிடித்தது.

குழித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜி இன்டர்வியூ. நாலு பேரும் போனோம். டீச்சர் மேசை மேல் குனிந்து, அன்பாகத்தான், "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார். எபி கன்னங்களைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலேயே மூத்திரம் போனான். பிள்ளைக்குப் புத்தி வளர்ச்சி கொஞ்சம் குறைவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் அத்தானிடம் தணிந்த குரலில் சொன்னார்.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அத்தான் பிள்ளையை ஷீட் அடிக்கும் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனார். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக நசுக்குகிற மெஷின் அங்கே இருந்தது. இரண்டு இரும்பு உருளைகள், கையால் சுற்ற ஒரு பிடி. எபியின் விரல்களை உருளைகளுக்கு நடுவே வைத்தார். மறு கை பிடியில்.

"ஸ்பீக். மை நேம் இஸ்... ஸ்பீக்."

பிள்ளை வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிடி அசைந்தது. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். முழங்கையால் என் மூக்கில் இடித்தார். நான் தரையில் கிடந்தபோது, சுவரில் செருகியிருந்த பால் வெட்டும் கத்தியை அக்கா உருவினாள். தினமும் மரங்களில் பால் வெட்டுகிற கை அது. ஓங்கவில்லை. பட்டையில் கீறுவது மாதிரி அவர் முன்கையில் சரித்து இழுத்தாள். சதை பிளந்தது.

"எனக்க அம்மோ... கொன்னு போட்டாளே..."

முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். வலியில் வந்தது எங்கள் ஊர்ப் பேச்சு.

எபி உருளையிலிருந்து விரலை உருவிக்கொண்டான். அழவில்லை. உட்கார்ந்திருந்த அவர் முகமும் அவன் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. ரத்தம் வழிந்த அந்தக் கையாலேயே அப்பாவின் கன்னத்தில் அடித்தான். அவர் மறுபடியும் "அம்மோ" என்றார். மறுபடியும் அடித்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. தமிழ் பேசினால் அடி என்பது அவனுக்குத் தெரிந்த ஒழுங்கு, அதைச் செய்தான், அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை அத்தானின் வாய் திறந்தது. பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அக்கா கத்தியைக் கீழே போட்டாள். சேலைத் தலைப்பைக் கிழித்துப் பிள்ளையின் விரல்களில் சுற்றினாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அக்கா, நானும் வரட்டா?" என்றேன்.

அவள் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, இடுப்பில் இருந்த பிள்ளையின் கையைத்தான் பார்த்தாள். ஒரு சொல்லும் சொல்லாமல் தோட்டத்துச் சரிவில் இறங்கி ரோட்டுப் பக்கம் போனாள்.